நிறங்களைப் பிரித்த அறிஞர்

ஓர் இலையைப் பார்க்கிறோம். அது பச்சையாகத் தோன்றுகிறது. அப்பச்சைக்குள் மஞ்சள், நீலப்பச்சை, மஞ்சட்பச்சை எனப் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டியவர் மிகயில் சுவெத் என்னும் உருசியத் தாவரவியல் அறிஞர்.

சுவெத் 1872ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இத்தாலியின் அசுதி நகரில் பிறந்தார். தந்தை உருசியர், தாய் இத்தாலியர். பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்தார். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த அவர், ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1896இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்த் தந்தையின் நாடாகிய உருசியாவிற்குச் சென்றார். அங்கே அயல்நாட்டுப் பட்டம் ஏற்கப்படவில்லை. அவர் மனம் தளராது மீண்டும் முயன்று, 1901இல் கசான் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அதன்பின் வார்சா நகரில் பணியாற்றினார்.

இலையின் நிறப்பொருள்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. அவற்றைச் சிதைக்காமல் பிரிக்கச் சுவெத் ஒரு வழி கண்டார். கண்ணாடிக் குழாய் ஒன்றில் நுண்ணிய தூளை இறுக நிரப்பினார். இலையின் நிறப்பொருள்கள் கரைந்த நீர்மத்தை அதன்மேல் ஊற்றினார். தொடர்ந்து தூய கரைப்பானையும் ஊற்றினார். தூளோடு வலுவாக ஒட்டிய நிறம் மேலே தங்கியது. மெலிதாக ஒட்டிய நிறம் விரைந்து கீழிறங்கியது. குழாயில் வண்ணப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றின.

இம்முறையில் அசையாதிருக்கும் தூள் நிலைத்த நிலைமை. ஓடும் கரைப்பான் நகரும் நிலைமை. தக்க தூளைத் தேர்ந்தெடுப்பதே இதன் உயிர்நாடி. தூள் மிக இறுகப் பற்றினால் நிறங்கள் நகரா. சற்றும் பற்றாவிடின் யாவும் ஒன்றாகவே வெளியேறும். வினைபுரிந்தால் நிறப்பொருளே சிதையும். ஆகவே சுவெத் நூற்றுக்கும் மேற்பட்ட தூள்களைச் சோதித்தார். கால்சியம் கார்பனேட், சர்க்கரை போன்ற எளிய பொருள்களே அவருக்குப் பெரிதும் உதவின. 1903இல் தம் ஆய்வை வார்சாவில் எடுத்துரைத்தார். 1906இல் இம்முறைக்குக் 'குரோமட்டோகிராபி' எனப் பெயரிட்டார். தமிழில் இதனை வண்ணப்பிரிகை என்கிறோம். உருசிய மொழியில் 'சுவெத்' என்னும் சொல்லுக்கும் நிறம் என்றே பொருள்!

அக்கால வேதியியல் அறிஞர் பலர் இம்முறையைப் பொருட்படுத்தவில்லை. முதல் உலகப்போரால் 1915இல் சுவெத் வார்சாவை விட்டு வெளியேறினார். ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, 1919இல் வரோனேசு நகரில் தம் 47ஆம் வயதில் மறைந்தார்.

அவர் முறையோ மறையவில்லை. 1931இல் செருமனியின் ஐடல்பர்க்கு நகர அறிஞர்கள் அதற்குப் புத்துயிர் அளித்தனர். 1952இல் இங்கிலாந்தின் மார்ட்டினும் ஜேம்சும் நீர்மத்திற்கு மாற்றாக வளிமத்தை ஓடவிட்டு, வளிம வண்ணப்பிரிகையை உருவாக்கிக் காட்டினர். இதிலும் நிலைத்த நிலைமையைத் தேர்வதே முதற்கடமை. பிரிக்க வேண்டிய பொருளின் இயல்பை ஒத்த நிலைமையே அதனை நன்கு பற்றி நிறுத்தும். பெட்ரோலின் கூறுகளுக்கு முனைவற்ற நிலைமையும், ஆல்கஹால்களுக்கு முனைவுள்ள நிலைமையும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒவ்வொரு தூளாகச் சோதித்த அப்பொறுமையின் பயனை இன்று உலக ஆய்வகங்கள் யாவும் துய்க்கின்றன.

சொற்பொருள்
உயிர்நாடி – இன்றியமையாத பகுதி
வளிமம் – வாயு
துய்த்தல் – நுகர்தல்

வினாக்கள்
1. உருசியாவில் சுவெத் எதிர்கொண்ட தடை யாது? அதனை எவ்வாறு வென்றார்?
2. தூளைத் தேர்வதில் அவர் கருத்திற்கொள்ள வேண்டியிருந்தவை யாவை?
3. பிரித்து எழுதுக: அப்பச்சை, முதற்கடமை.