கெர்ரியும் விசித்திரப் பிராணியும்

குழந்தைகளே! ஆறுமுகநேரி உப்பளங்களில் வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மீனைக் கருவாடாக்க உப்பு வேண்டுமே! நம் கடற்கரை ஊர்களைப் போலவே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்பிள்ஹெட் என்ற மீன்பிடித் துறைமுகம் உண்டு. அங்கு 1744ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி பிறந்தவர் எல்பிரிட்ஜ் கெர்ரி. மீனை உப்பிட்டுக் காயவைத்துக் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர் குடும்பத் தொழில்.

ஹார்வர்டு கல்லூரியில் படித்த கெர்ரி, ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துப் போராட்டத்தில் குதித்தார். 1776ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1787ல் அந்நாட்டின் அரசியல் சட்டம் உருவானபோது, அதில் மக்களின் உரிமைகள் எழுதப்படவில்லையே என்று குறை கூறி, கையெழுத்திட மறுத்தார். அந்த உரிமைகள் 1791ல் சேர்க்கப்பட்டன. எவ்வளவு உறுதியான மனிதர் பாருங்கள்!

1810ல் கெர்ரி மாசசூசெட்ஸ் ஆளுநரானார். அங்கு ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 1812 பிப்ரவரியில் அவரது கட்சியினர், மாநில செனட் சபைத் தொகுதிகளின் எல்லைகளை மாற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தனர். தங்கள் கட்சி ஜெயிப்பதற்கு வசதியாகக் கோடுகளை வளைத்துப் போட்டிருந்தனர். கெர்ரிக்கு இதில் விருப்பமில்லை என்று சொல்வார்கள். ஆனாலும் கையெழுத்திட்டுவிட்டார்!

கோட்டை மாற்றினால் எப்படி ஜெயிக்க முடியும் என்கிறீர்களா? உங்கள் வகுப்பில் 15 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 பேருக்குக் கபடி பிடிக்கும். 6 பேருக்குக் கிரிக்கெட். ஐந்து ஐந்து பேராக மூன்று குழு பிரிக்கிறோம். முதல் குழுவில் ஐவரும் கபடிக்காரர்கள். மற்ற இரு குழுக்களிலும் கபடிக்கு 2 பேர், கிரிக்கெட்டுக்கு 3 பேர். இப்போது இரண்டு குழுக்களில் கிரிக்கெட்டுக்கே வெற்றி! 6 பேர் 9 பேரை ஜெயித்துவிட்டார்கள். இது நியாயமா?

அங்கும் இதுதான் நடந்தது. கெர்ரியின் கட்சிக்கு விழுந்த ஓட்டுகள் சுமார் 50 ஆயிரம். எதிர்க்கட்சிக்கு அதைவிட ஆயிரத்துக்கும் மேல் அதிகம். ஆனால் 40 இடங்களில் 29 கெர்ரியின் கட்சிக்கே கிடைத்தன!

ஒரு தொகுதி வளைந்து நெளிந்து, சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியைப் போல இருந்தது. பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்று அதற்கு இறக்கையும் நகமும் வரைந்து, கெர்ரிமாண்டர் என்று பெயர் சூட்டியது. தொகுதிகளைத் தந்திரமாகப் பிரிப்பதற்கு உலகமெங்கும் இன்றும் அதுவே பெயர்.

ஆளுநர் தேர்தலில் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. அங்கே கோட்டை வளைக்க முடியாதே! கெர்ரி தோற்றுப் போனார். பிறகு 1813ல் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாகி, பதவியில் இருக்கும்போதே 1814 நவம்பர் 23ஆம் தேதி மறைந்தார்.

நம் நாட்டில் ஆளும் கட்சி தன் இஷ்டப்படி இந்தக் கோடுகளைப் போட்டுவிட முடியாது. கடைசியாகத் தமிழகத் தொகுதிகளைப் பிரித்தது, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம். 2008ல் நடைமுறைக்கு வந்த அந்த மாற்றத்தில்தான் திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதி மறைந்து தூத்துக்குடி தொகுதி வந்தது. வரைவுத் திட்டம் வெளியாகும்போது பொதுமக்களும் ஆட்சேபணை சொல்லலாம்.

குழந்தைகளே, நாட்டுக்காக உழைத்த கெர்ரியை இன்று பலரும் அறிந்திருப்பது அந்த ஒரு கையெழுத்தால்தான். மனசாட்சி வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் பேனாவைத் தொடாதீர்கள். உங்கள் ஊருக்கு அடுத்த முறை கோடு போடும்போது, நீங்களும் வரைபடத்தைக் கவனித்துப் பாருங்கள்!