நாவலர் வேங்கடசாமி நாட்டாரும் ஆசிரியர் நிலையும்

சோழவளநாட்டிலே, திருவையாற்றுக்கு அணித்தாயுள்ள நடுக்காவேரி என்னும் ஊர், நம் பட்டுக்கோட்டையினின்றும் ஒரு பகலிற் சென்று மீளத்தக்க தொலைவினதே. ஆயினும் நம் சங்கத்து இளைஞருட் பலர் அவ்வூரைக் கண்டிலர். அவ்வூர் ஈன்ற ந. மு. வேங்கடசாமி நாட்டாரவர்களை, கள்ளர் சரித்திரம் எழுதியவர் என்ற அளவிலேயே நம் இல்லங்களிற் பேசுகின்றனர். அஃது உண்மையே எனினும் அவர் புகழில் ஒரு கூறே யாகும். அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியும் ஆசிரியராய் உழைத்தவர். நம் குடும்பங்களில் ஆசிரியத் தொழில் மேற்கொண்டோர் மிகப் பலராதலானும், பள்ளிக் குழுக்களில் அமர்ந்து ஆசிரியரை ஆள்வோரும் நம்மிடையே உளராதலானும், அப்பெரியார் வரலாற்றை அந்நோக்கிலே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நாட்டாரவர்கள் 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், முத்துச்சாமி நாட்டார்க்கு மகனாராய்த் தோன்றினர். ஊர்த் திண்ணைப் பள்ளியிற் சிறிது பயின்றபின் ஏரும் வயலுமே அவர்க்குத் தொழிலாயின. அந்நாளைத் திண்ணையாசிரியர் நிலையை நம் முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். அறுவடைக் காலத்து வீடுதோறும் அளக்கும் நெல்லும், பண்டிகை நாளிற் பிள்ளைகள் கொணரும் காசும் காய்கறியுமே அவர்க்கு ஊதியம். விளைவு பொய்ப்பின் ஆசிரியர் அடுப்பும் அவிந்தே கிடக்கும். அத்தகையோர்பாற் பெற்ற எழுத்தறிவைக் கொண்டே, பின்னர் ஆசிரியர் ஒருவரையும் முறையாக அடையாமல், நாட்டாரவர்கள் இலக்கண இலக்கியங்களைத் தாமே ஓதியுணர்ந்தனர். சாவித்திரி வெண்பா இயற்றிய ஐ. சாமிநாத முதலியார் அவரது ஆர்வத்தை அறிந்து, மதுரைத் தமிழ்ச் சங்கத் தேர்வுகளை எழுதுமாறு தூண்டினர் என்பர்.

பாலவநத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய அச்சங்கம், பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று தேர்வுகளை நடத்திவந்தது. ஆங்கிலப் பள்ளியின் படியேறாதாரும் கற்றாரென்று அறியப்படுதற்கு அந்நாளில் வாய்த்த வாயில்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது தலையாயது. 1905, 1906, 1907 ஆகிய மூன்றாண்டுகளில் அம்மூன்றினையும் முடித்து, முதன்மையுற்றுத் தேவரவர்களிடம் தங்கத் தோடாப் பரிசும் பெற்றனர் நாட்டாரவர்கள். ஏரைப் பிடித்த கைக்கே தோடா ஏறிற்று.

1908-ஆம் ஆண்டு தொடங்கித் திருச்சிராப்பள்ளியிலும், இடையே சிறிது காலம் கோயம்புத்தூரிலும் கற்பித்தனர். பின் திருச்சிராப்பள்ளி பிஷப் ஹீபர் கல்லூரியில் இருபதாண்டுகட்கு மேல் தமிழாசிரியராய் அமர்ந்தனர். வேளிர் வரலாற்று ஆராய்ச்சி, நக்கீரர், கபிலர், கள்ளர் சரித்திரம், சோழர் சரித்திரம் முதலிய நூல்கள் அக்காலத்தே வெளிவந்தவை. வகுப்பொழிந்த பொழுதே அவற்றிற்குக் கிடைத்த பொழுது என்பதை மறத்தலாகாது. கள்ளர் சரித்திரம் வெளிவந்த 1923-ஆம் ஆண்டு, குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கத்து நம்மவரை வருத்திய காலம். 1947-இலேதான் அச்சட்டம் நம் மாகாணத்தில் நீங்கிற்று. குற்றவாளிகளென்று ஒரு குலத்தை ஏட்டில் எழுதிவைத்த அரசினர்க்கு நேரே, அக்குலத்தின் பழமையையும் ஆட்சியையும் மற்றோர் ஏட்டில் எழுதிவைத்தவர் ஒரு கல்லூரித் தமிழாசிரியர். இதனை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அக்காலத்துத் தமிழ்ப் பண்டிதர்க்குப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இருந்த இடம் யாது? ஆங்கிலமும் கணக்கும் கற்பிப்பார்க்கு ஓர் ஊதியப் படி. தமிழ் கற்பிப்பார்க்கு அதனிற் றாழ்ந்த வேறொரு படி. எத்துணை யாண்டு உழைத்து முதிர்ந்தாலும் பண்டிதர் தலைமையாசிரியராதற்கு உரியரல்லர். எந்நூலைப் பாடமாக வைப்பது, வாரத்தில் எத்தனை நாழிகை தமிழுக்கு அளிப்பது என்பனவற்றையும் பெரும்பாலும் பிறரே வரையறுத்தனர். சங்கத் தேர்வு புலவரைப் பள்ளிக்குள் புகவிட்டது; பள்ளியின் ஆலோசனை மண்டபத்துட் புகவிடவில்லை.

விதிவிலக்கு இல்லாமலில்லை. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் 1880-இல் ஓய்வு பெறுங்கால், தம்மிடத்திற்கு உ. வே. சாமிநாதையரே தக்காரென்று தலைவர் கோபாலராயரிடம் எடுத்துரைத்தார். ஐயரவர்கள் ஐம்பது ரூபாய் மாத ஊதியத்தில் அமர்ந்தனர். ஆசிரியர் ஒருவர் சொல்லுக்குச் செவிசாய்த்தமையால் தமிழுலகம் அடைந்த ஊதியத்தை அளவிட வொண்ணுமோ! ஆனால், அங்கே செட்டியார் சொல் ஏறியது கோபாலராயரின் நற்குணத்தால், சட்டத்தாலன்று. நற்குணமில்லாத் தலைவர் வாய்த்திருப்பின் அச்சொல் வாயிலோடே நின்றிருக்கும்.

இந்நாளில் நிலை பெரிதும் திருந்தியுள்ளது. தமிழாசிரியர் ஊதியம் பிறரோடு ஒப்பாயிற்று. தலைமையாசிரியராகும் வழியும் திறந்தது. தனியார் பள்ளி ஆசிரியரைக் கல்வித்துறையின் முன் இசைவின்றி நீக்கலாகாதென 1973-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பளித்தது. 2018-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் பின்னர் அதனிடத்தை எய்திற்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். எஞ்சிய ஒரு பங்கினை உள்ளாட்சி உறுப்பினர், ஆசிரியர், கல்வியறிஞர் அல்லது மாணாக்கர் என மூன்றாக வகுத்தது நடுவணரசின் மாதிரி விதி. பன்னிருவர் கூடினால் ஒருவரே ஆசிரியர் என்பது இதன் கணக்கு. பெற்றோர் மிக்கிருத்தலை யாம் குறைகூறோம், பிள்ளைகள் அவர்களுடையவர். ஆயின், அவ்வொருவர் வாய்திறக்குமுன்னே தீர்மானத்திற் கையொப்பம் வாங்கும் வழக்கம் சிலவிடத்து உண்மையை ஆசிரியராகிய யாமும் கண்டுள்ளோம். நம் சங்கத்தார் அமரும் குழுக்களிலேனும் கால அட்டவணையும் பாடப் பகிர்வும் பேசப்படும்போது, வகுப்பில் நின்று தொண்டை வற்றுவாரை முதலிற் கேட்டல் வேண்டும் என்று துணிந்து கூறுகின்றோம். எம் தொழிலுக்காகப் பரிந்து பேசுகின்றோமென்று அன்பர்கள் கருதினும் வருந்தோம்.

நிற்க. நாட்டாரவர்கள் வரலாற்றிற்கு மீள்வோம். பிறர் வகுத்த திட்டத்திற் கற்பிப்பதோடு அவர் உள்ளம் அமையவில்லை. தமிழே முதன்மை பெற, ஏனைய கலைகள் அதனைச் சூழ, கைத்தொழிலும் உடன்பயிலத் திருவருட் கல்லூரி என ஒன்று காணவேண்டுமென்று 1920-களிலே திட்டம் வகுத்தனர். தமிழுக்கெனப் பல்கலைக் கழகம் ஒன்று வேண்டுமென்ற எண்ணமும் அதனுட் கருவாயிருந்தது. கற்பிப்பவரே கல்வியின் அமைப்பையும் வகுத்தல் என்பது அன்று புதுமை. பொருளுதவி போதாமையின் அவர் காலத்து அது கைகூடிற்றில்லை. 1981-இல் தஞ்சையிலே தமிழ்ப் பல்கலைக்கழகம் எழுந்தது. வெண்ணாற்றங்கரையில் அவர் பெயர் தாங்கித் திருவருட் கல்லூரியும் பின்னர்த் தோன்றிற்று.

அக்காலத்துத் தஞ்சையில் வேறொரு வழியும் திறந்தது. ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த ஏ. டி. பன்னீர்செல்வமும், கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரம் பிள்ளையும் முயன்றமையால், வடமொழிக்கே உரியதாயிருந்த திருவையாற்றுக் கல்லூரியிலே தமிழ்ப் புலவர் வகுப்பு ஏற்பட்டது. நம் பக்கத்து இராசாமடம், ஒரத்தநாடு மாணவர் விடுதிகளில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் உண்டுறைந்து படிக்க வழி செய்தவரும் பன்னீர்செல்வமே. சாப்பாட்டுக் கவலையின்றிப் படித்து, பிற்றை நாள் ஆசிரியரான நம்மவர் பலர்.

1933-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திற்கு அழைக்கப்பெற்று ஏழாண்டு ஆங்குக் கற்பித்தனர் நாட்டாரவர்கள். அவ்வாண்டு தொடங்கி ஆங்குத் தமிழ்த் துறையின் தலைமையை ஏற்றவர் எம்.ஏ., பி.எல். பட்டம் பெற்று வழக்கறிஞராயிருந்த சோமசுந்தர பாரதியார். அவரும் பெரும்புலவரே, அதில் ஐயமில்லை. எனினும் பல்கலைக் கழகத் தலைமையிருக்கைகளுக்கு ஆங்கிலப் பட்டம் வழியாயிருந்த காலம் அது என்பதையும், நாட்டாரவர்கள்பால் இருந்தது மதுரைச் சங்கத்துப் பண்டிதப் பட்டம் என்பதையும் வரலாறெழுதுவார் விடுதல் கூடாது. 1940-ஆம் ஆண்டிறுதியிற் சென்னையிற் கூடிய தமிழ் மாநாட்டில் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் சூட்டப்பெற்றது.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1938-இற் புலவர் கல்லூரி தொடங்கியிருந்தது. 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் வடநாட்டுச் செலவினிடையே உமாமகேசுவரம் பிள்ளை காலமாயினர். அக்கல்லூரிக்கு முதல்வராய் அமர்ந்து, ஊதியம் கொள்ளாது இறுதிவரை தொண்டாற்றினர் நாட்டாரவர்கள். முப்பதாண்டுக்கு மேல் ஊதியம் பெற்றுக் கற்பித்த காலத்து எய்தாத முதல்வர் இருக்கை, ஊதியமின்றி உழைக்க முன்வந்த முதுமையிலேதான் அவரை எய்திற்று. அவர்க்கு இது பெருமை. அவரைப் போன்றாரை ஆண்ட நிலையங்களுக்கு அன்று.

அந்நாளிலும் எழுதுகோல் ஓயவில்லை. சிலப்பதிகாரத்திற்கு உரைவகுத்தனர், கரந்தைக் கவியரசு வேங்கடாசலம் பிள்ளையுடன் கூடி அகநானூற்றிற்கு உரை கண்டனர். 1944-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், அறுபதாண்டு நிரம்புதற்குப் பதினைந்து நாள் இருக்கையில், இயற்கை எய்தினர். மணிமேகலை உரை அப்போது முற்றுப்பெறாதிருந்தது. எஞ்சிய பகுதிக்கு உரையெழுதி அதனை நிறைவித்தவரும் ஒரு தமிழாசிரியரே. அவர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை.