ஓம்: பேராசிரியர் ஆகக் காத்திருந்த வாத்தியார்

எல்இடிக்கு எத்தனை ஓம் ரெசிஸ்டர் போடணும்னு கேட்டா, நாம அரை நிமிஷத்துல கணக்கு போட்டுச் சொல்லிடுவோம். அந்தக் கணக்கைக் கண்டுபிடிச்ச மனுஷனுக்கு அது அவ்வளவு சுலபமா அமையல.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16 அன்று ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. தானாகவே படித்து, பிள்ளைகளுக்குக் கணிதமும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தவர். 1805இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓம், நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று பொழுதைக் கழித்தார் (நம்ம ஆளுதான்!). கோபப்பட்ட அப்பா படிப்பை நிறுத்தி சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிட்டார். அங்கே கணித வாத்தியார் வேலை. 1811இல் ஊர் திரும்பி முனைவர் பட்டம் வாங்கினார்.

1817இல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே நல்ல இயற்பியல் ஆய்வகம் இருந்தது. ஒயரின் நீளத்துக்கும் மின்னோட்டத்துக்கும் என்ன தொடர்புன்னு அளக்க ஆரம்பித்தார். ஆனா அந்தக் காலத்து பேட்டரியில் மின்னழுத்தம் நிலையாக நிற்கல; அளவுகள் மாறிக்கிட்டே இருந்தன. போகன்டார்ஃப் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனைப்படி தெர்மோகப்பிளுக்கு மாறினார். செம்பும் பிஸ்மத்தும் சேரும் இரு முனைகளில் ஒன்று கொதிக்கும் நீரில், இன்னொன்று பனிக்கட்டியில். வெப்பநிலை மாறாததால் மின்னழுத்தமும் மாறல. விதி பிடிபட்டது. ஒயரோட தடையை மட்டுமில்ல, சுற்றின் மீதிப் பகுதியோட தடையையும் அவர் சமன்பாட்டில் சேர்த்திருந்தார்.

1827இல் புத்தகமாக வெளியிட்டார். பேராசிரியர் பதவி கிடைக்கும்னு நம்பினார். ஜெர்மனியில் பெரிசா யாரும் கண்டுக்கல. கொலோன் வேலையையும் விட்டார். 1833இல்தான் நியூரம்பெர்க் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளே பதக்கம் கொடுத்தது. ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852இல் மியூனிக்கில் வந்தது. 1854 ஜூலை 6 அன்று இறந்துவிட்டார். 1881இல் பாரிஸ் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பேரை உறுதி செய்தது.

இப்போ நம்ம பிரெட்போர்டுக்கு வருவோம். சப்ளை 5 வோல்ட், ரெசிஸ்டர் 330 ஓம். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கும். மிச்சம் 3 வோல்ட். 330ஆல் வகுத்தா சுமார் 9 மில்லி ஆம்பியர். அது போச்சுன்னு நீல எல்இடி மாட்டினா, அது சுமார் 3 வோல்ட் கேட்கும். மிச்சம் 2 வோல்ட்தான். ஓட்டம் 6 மில்லி ஆம்பியரா குறைஞ்சுடும். பழையபடி 9 வேணும்னா 220 ஓம் போடுங்க. கவனிச்சீங்களா? ஓம் விதியை நாம எல்இடிக்குப் போடல. மிச்ச வோல்ட்டை வச்சு ரெசிஸ்டருக்குத்தான் போட்டோம். எல்இடி அந்த விதிக்குக் கட்டுப்படாது.

சரி, 3 வோல்ட் பட்டன் செல்லில் ரெசிஸ்டரே இல்லாம சிவப்பு எல்இடி கருகாம எரியுதே, எப்படி? செல்லுக்கு உள்ளேயே தடை இருக்கு. ஓம் சமன்பாட்டில் சேர்த்த அந்த மீதிப் பகுதிதான் அது.