விடுதலை வீரர் லபாயெத்

ஆண்டுதோறும் ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்கள் தங்கள் விடுதலைத் திருநாளைக் கொண்டாடுகின்றனர். ஊர்வலமும் வாணவேடிக்கையுமாக அந்நாடு களித்திருக்கும் அதே நாளில், கடலுக்கு அப்பால் பாரிஸ் மாநகரின் பிக்பூஸ் கல்லறைத் தோட்டத்திலும் ஓர் எளிய சடங்கு நிகழ்கிறது. அங்குள்ள ஒரு கல்லறையின் அருகே பறக்கும் அமெரிக்கக் கொடியை இறக்கிப் புதுக்கொடி ஏற்றுகின்றனர். அமெரிக்க மண்ணில் பிறவாத அவருக்கு இச்சிறப்பு ஏன்? அவர் வரலாற்றை அறிந்தால் காரணம் விளங்கும்.

லபாயெத் 1757-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் பிரான்சின் ஓவெர்ன் மலைநாட்டில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது நிரம்புமுன்னே தந்தை மிண்டன் போர்க்களத்தில் ஆங்கிலேயரை எதிர்த்து மாண்டார். பன்னிரண்டு வயதில் தாயும் மறைந்தார். பெருஞ்செல்வம் இருந்தது, அதனைப் பகிர்ந்து மகிழப் பெற்றோர் இல்லை. பதினாறு வயதில், புகழ்மிக்க நோவாய் குடும்பத்துப் பெண்ணாகிய அத்ரியேனை மணந்தார். அரசவையில் உயர்பதவிகள் அவருக்காகக் காத்திருந்தன. அவர் உள்ளமோ அவற்றை நாடவில்லை.

1776 ஜூலையில் பதின்மூன்று குடியேற்ற நாடுகள் ஆங்கில ஆட்சியிலிருந்து விடுபட்டதாகப் பறைசாற்றின. பறைசாற்றுதல் எளிது, நிலைநாட்டுதல் அரிது. பணமில்லை, வெடிமருந்தில்லை, கடற்படை இல்லை. இச்செய்தி கேட்ட லபாயெத் தம் சொந்தப் பொருளில் ஒரு கப்பலை வாங்கினார். போகலாகாதென்று மன்னர் ஆணையிட்டும், கருவுற்றிருந்த மனைவியைப் பிரிந்து, 1777 ஏப்ரலில் ஸ்பெயின் துறைமுகம் ஒன்றிலிருந்து மேற்றிசை நோக்கிப் புறப்பட்டார்.

ஜூன் மாதம் தென் கரோலினாக் கரையில் இறங்கி, நெடுவழி கடந்து பிலடெல்பியாவை அடைந்தார். அங்கே வரவேற்பு இல்லை. பட்டமும் சம்பளமும் கேட்டு வந்து நின்ற ஐரோப்பிய அதிகாரிகளைக் கண்டு காங்கிரஸ் சபையார் சலிப்புற்றிருந்தனர். லபாயெத் தமக்கு ஊதியமே வேண்டாம், தொண்டனாகப் பணியாற்ற இடம் தந்தால் போதும் என்று தெரிவித்தார். சபையாரின் மனம் மாறியது. பத்தொன்பது வயது இளைஞருக்கு மேஜர் ஜெனரல் பதவி கிட்டியது. தந்தையை அறியாத அவருக்கு வாஷிங்டனே தந்தை போலானார். செப்டம்பர் 11-ஆம் நாள் பிராண்டிவைன் போரில் காலில் குண்டு பாய்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் வேலி போர்ஜ் பாசறையில் உணவும் உடையுமின்றி வாடிய படைவீரர்களின் துன்பத்தை அவரும் பங்கிட்டுக் கொண்டார்.

1778 பிப்ரவரி 6-ஆம் நாள் பிரெஞ்சு அரசு அமெரிக்கருடன் நட்புடன்படிக்கை செய்துகொண்டது. விடுதலையின்பால் கொண்ட காதலே இதற்குக் காரணம் என்று நாம் எண்ணிவிடலாகாது. 1763-இல் முடிந்த ஏழாண்டுப் போரில் கனடாவை இழந்த பிரான்ஸ், ஆங்கிலேயரைப் பழிவாங்கத் தருணம் பார்த்திருந்தது. எனினும் அவ்வுதவி பேருதவியே. 1779-இல் தாயகம் திரும்பிய லபாயெத், மேலும் படை அனுப்புமாறு அமைச்சர்களை ஓயாது வற்புறுத்தினார். அடுத்த ஆண்டு ரோஷாம்போ தலைமையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர் அமெரிக்காவில் இறங்கினர்.

1781-இல் வர்ஜீனியாவில், தம்மினும் பெரிய படையுடன் வந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸை லபாயெத் நேர்நின்று எதிர்க்காமல், விலகியும் தொடர்ந்தும் அலைக்கழித்தார். ஜேம்ஸ் என்ற அடிமை பகைவர் பாசறைக்குள் ஊழியனாய் இருந்து அவருக்கு ஒற்றுச் செய்திகள் அனுப்பினான். இறுதியில் கார்ன்வாலிஸ் யார்க்டவுனில் அடைபட்டார். பிரெஞ்சுக் கடற்படை கடல்வழியை அடைத்தது. வாஷிங்டனும் ரோஷாம்போவும் நிலவழியை அடைத்தனர். அக்டோபர் 19-ஆம் நாள் ஆங்கிலப் படை சரணடைந்தது.

இப்போரின் அலை நம் தமிழ்க் கடற்கரையிலும் மோதியது. பிரான்ஸ் போரில் இறங்கியதும், 1778-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். பின்னர் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் முதலிய இடங்களின் அருகே ஆங்கிலக் கப்பல்களுடன் பொருதார். 1783 ஜூன் 20-ஆம் நாள் கடலூருக்கு எதிரே கடற்போர் நிகழ்ந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டு மாதங்கள் கடந்திருந்தன! செய்தி எட்டியதும் பிரெஞ்சுக்காரர் வாளை உறையிலிட்டனர். அவர்களை நம்பியிருந்த மைசூர் திப்பு சுல்தான் தனித்து நின்றார். யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸே 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1792-இல் திப்புவைப் பணியவைத்துத் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்குச் சேர்த்தார். அரசுகள் தரும் உதவி அவற்றின் நலன் முடியும் இடத்தில் முடிந்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

லபாயெத்தின் உதவி அத்தகையதன்று. போர் முடிந்ததும் அவர் பணியும் முடிந்துவிடவில்லை. மனிதர் யாவரும் சமம் என்று முழங்கிய நாட்டில் அடிமைகள் இருப்பது அவர் நெஞ்சை உறுத்தியது. அடிமைகளைச் சுதந்திரக் குடியானவராக்கும் முயற்சியில் இணையுமாறு 1783-இல் வாஷிங்டனுக்கு எழுதினார். பின்னர்த் தாமே கயேன் நாட்டில் தோட்டங்களை வாங்கி அம்முயற்சியைத் தொடங்கினார். ஒற்றறிந்து உதவிய ஜேம்ஸுக்கு 1784-இல் நற்சான்று எழுதித் தந்தார். 1787-இல் வர்ஜீனியச் சட்டசபை ஜேம்ஸை விடுவித்தது. விடுதலை பெற்றவர் லபாயெத்தின் பெயரையே தம் பெயருடன் இணைத்துக்கொண்டார்.

அமெரிக்கப் போருக்குச் செலவிட்ட பெரும்பொருள் பிரான்சின் கருவூலத்தை வறிதாக்கியது. 1789-இல் அங்கும் புரட்சி மூண்டதற்கு அது ஒரு காரணமாயிற்று. மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை லபாயெத்தே ஜூலை 11-ஆம் நாள் தேசிய சபையில் வைத்தார். மூன்று நாட்களில் பாஸ்டில் சிறை வீழ்ந்தது. அதன் திறவுகோலை வாஷிங்டனுக்குக் காணிக்கையாக அனுப்பினார். ஆனால் மன்னருக்கும் மக்களுக்கும் இடையே நடுவழியை நாடியவர் இருபாலாரின் பகையையும் தேடிக்கொண்டார். 1791 ஜூலையில் அவர் தலைமையிலிருந்த காவற்படை மக்கள் கூட்டத்தின்மீது சுட்டது. அவர் புகழில் அது நீங்காத கறையாயிற்று.

1792-இல் துரோகி என்று சொந்த நாடே தூற்ற, எல்லை கடந்த அவரை ஆஸ்திரியர் சிறைப்பிடித்தனர். ஐந்தாண்டுகள் சிறையில் கழிந்தன. பாட்டியையும் தாயையும் தமக்கையையும் ஒரே நாளில் கில்லட்டினுக்குப் பலிகொடுத்த அத்ரியேன், 1795-இல் இரு பெண்மக்களுடன் ஓல்முட்ஸ் சிறைக்குத் தாமே சென்று கணவரோடு அடைபட்டிருந்தார். இந்தக் கற்பரசியின் உடல்நலம் அங்கே குன்றியது, 1807-இல் உயிர்நீத்தார்.

1824-இல் அமெரிக்கா அவரை விருந்தினராக அழைத்தது. அப்போதிருந்த 24 மாநிலங்களையும் அவர் சுற்றி வந்தார். செல்லுமிடமெங்கும் மக்கள் வெள்ளம் திரண்டது. ஊதியம் வேண்டாது தொண்டு புரிந்து செல்வம் குன்றியவருக்குக் காங்கிரஸ் 2 லட்சம் டாலரும் நிலமும் வழங்கியது. நன்றியறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதன் பொருளை அம்மக்கள் செயலில் காட்டினர். 2002-ஆம் ஆண்டில் கௌரவக் குடியுரிமையும் அளித்தனர்.

1834 மே 20-ஆம் நாள் லபாயெத் பாரிஸில் காலமானார். மனைவியின் அருகே அவரை அடக்கம் செய்தனர். அமெரிக்கர் போரிட்ட பங்கர் ஹில் குன்றிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த மண்ணை, ஜார்ஜ் வாஷிங்டன் என்றே அவர் பெயரிட்டிருந்த மகன் கல்லறையில் தூவினார். பிறந்த மண்ணிலேயே, தாம் நேசித்த மற்றொரு மண்ணையும் போர்த்திக்கொண்டு அவர் உறங்குகிறார். பிறந்த ஊரை நெஞ்சில் வைத்து, வாழவந்த ஊருக்கு உழைக்கும் நமக்கு அவர் வாழ்வு அயலார் கதையன்று. ஒரு மண்ணின்மீது வைத்த அன்பு மற்றொரு மண்ணின்மீது வைத்த அன்பைக் குறைப்பதில்லை.