டொக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவினர் தொலைபேசி எடுத்தபோது, தீவகத்தில் நெடுங்காலம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள் என்ற முறையில் என் அனுபவங்களையே எதிர்பார்த்தார்கள். எனக்கோ, எங்கள் தொழிலுக்கு வழிகாட்டிய ஒருவரின் கதையை இளைய தங்கைமாருக்குச் சொல்லவே விருப்பம்.

ஐடா அம்மையார் வேலூருக்கு உரியவர் என்றாலும் யாழ்ப்பாணத்துக்கு அந்நியர் அல்லர். அவருடைய பாட்டனார் ஜோன் ஸ்கடர்தான் 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரி. பின்னர் அவர் சென்னைக்குப் போக, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பலர் தமிழ்நாட்டில் அதே பணியில் இறங்கினர். ஐடா 1870 டிசெம்பர் 9ஆந் திகதி இராணிப்பேட்டையில் பிறந்தார். சிறு பிள்ளையாகவே பெரும் பஞ்சத்தைக் கண்ணாரக் கண்டவர். அமெரிக்காவில் படிக்கும்போது, இந்தியாவுக்கு ஊழியத்துக்கு வருவதில்லை என்று தீர்மானமாகவே இருந்தார்.

1890இல் தாயாருக்குச் சுகமில்லையென்று திண்டிவனம் வந்தார். ஒருநாள் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வாசலில் வந்து நின்றார்கள். மூவரின் மனைவிமாரும் பிள்ளைப்பேற்று வேதனையில் தவித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை வைத்தியர். ஆனால் ஆடவர் ஒருவர் தங்கள் பெண்களைத் தொட்டுப் பார்ப்பதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவையே அழைத்தார்கள், அவருக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று வீடுகளிலும் பறை முழங்கியது. இந்தக் கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். பிரசவ அறையில் நின்ற எவருக்கும் இது வெறுங்கதையல்ல.

அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்தார். 1899இல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இன் தொடக்கத்தில் வேலூர் வந்தார். துணையிருந்து பழக்குவார் என்று நம்பியிருந்த தந்தை அந்த ஆண்டே காலமானார். புதிய வைத்தியருக்குப் பக்கத்தில் ஒரு தாதிகூட இல்லை. வீட்டுச் சமையற்காரரின் மனைவி சலோமியை அழைத்து, கை கழுவுவதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் சத்திரசிகிச்சையில் அவருக்குத் துணை நின்றவர் அந்தச் சலோமிதான்.

1902இல் மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறந்தது. நாற்பது கட்டில்கள். வரும் தாய்மாரோ பெருந்தொகை. தாம் ஒருவர் இரவு பகலாக உழைத்தாலும் ஊரூராகச் சாகும் பெண்களைக் காப்பாற்ற முடியாது என்பது அம்மையாருக்கு விளங்கியது. தம்மைப் போலச் செய்யக்கூடிய பெண்களை உருவாக்க வேண்டும். தாதித் தொழில் இழிவு என்று குடும்பங்கள் ஒதுங்கிய காலம் அது. ஆயினும் 1909இல், டெலியா ஹூட்டன் என்ற தாதியின் துணையுடன், தாதியர் பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கினார்.

அதே காலத்தில் ஒரு மோட்டார் காரும் வந்தது. பேய் வருகிறதென்று சனங்கள் ஓடினார்களாம்! குடியாத்தம் வீதியில் மரநிழல்களில் நிறுத்தி, காத்திருந்த தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்தார். பயிற்சி பெறும் பெண்களையும் கூட்டிச் சென்றார். வகுப்பில் படித்ததை வீதியோரத்தில், வைத்தியசாலை வசதி ஒன்றுமில்லாத இடத்தில், அவர்கள் செய்து பழகினார்கள்.

இதன் அருமை தீவக மருத்துவமாதுக்குத் தெரியும். நெடுந்தீவிலிருந்து தாயை அனுப்புவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகு வேண்டும்; கச்சான் காற்றில் கடல் என்ன செய்யுமென்று யாரும் உறுதி சொல்லமாட்டார்கள். இப்போதே அனுப்புவதா, பொறுத்துப் பார்ப்பதா? அந்த முடிவை அவள்தான் எடுக்க வேண்டும். பயிற்சியில் நான் கற்றது பாதி. மூத்த அக்கா ஒருவர் தன் கையை எடுத்துவிட்டு என் கையை வைக்கச் சொல்லி, பேசாமல் பக்கத்தில் நின்றாரே, அதில் கற்றது மீதி.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையை அம்மையார் ஆரம்பித்தார். சில புத்தகங்கள், ஒரு நுணுக்குக்காட்டி, ஓர் எலும்புக்கூடு: இவ்வளவே மூலதனம். ஆண்களே பெருந்தொகையாகத் தவறும் பரீட்சை, பெண்கள் சித்தியடையாவிட்டால் மனம் உடைய வேண்டாம் என்று அதிகாரி ஒருவர் முன்கூட்டியே ஆறுதல் கூறியிருந்தார். 1922இல் தோற்றிய பதினான்கு பேரும் சித்தியடைந்தனர்.

தாதியர் பாடசாலை 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் தாதியருக்குப் பட்டம் வழங்கத் தொடங்கிய முதல் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. வைத்தியர் அருகில் பணிக்கு நிற்கும் பெண்ணாகவே தாதியைப் பார்த்த சமூகத்தில், தாதி கற்பிக்கவும் பிரிவுகளை நடத்தவும் உரியவள் என்பதற்கு இது பெரிய அங்கீகாரம். என்னைக் கேட்டால், அம்மையாரின் கட்டடங்களைவிட இதையே முதலில் சொல்வேன்.

தலைமைப் பதவியையும் அந்நியர் கையிலேயே வைத்திருக்கவில்லை. மகப்பேற்று மருத்துவத்தில் பேர்பெற்ற ஹில்டா லாசரஸ் அம்மையார் வேலூர் நிறுவனத்தின் முதல் இந்தியப் பணிப்பாளராகப் பொறுப்பேற்றபோது ஐடா அம்மையார் உயிரோடிருந்தார். கொடைக்கானலில் ஓய்வாக இருந்துகொண்டு, தாம் பழக்கிய பெண்களும் அவர்கள் பழக்கிய பெண்களும் வைத்தியசாலையை நடத்துவதைப் பார்த்திருந்தார். 1960 மே மாதம், எண்பத்தொன்பதாவது வயதில், அங்கேயே கண்மூடினார்.