கூலிக்கு நடித்த இடத்தையே விலைக்கு வாங்கியவர்



விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, மண்டோர் காட்டிய நிரையில் வேலை பார்த்த ஒரு பெண், இருபது வருஷம் கழித்து அந்தத் தோட்டத்தையே விலைக்கு வாங்கினாள் என்று யாராவது சொன்னால் நம்புவோமா? சினிமாக் கதை என்று சிரித்துவிட்டுப் போவோம். ஆனால் சினிமாக்காரி ஒருத்தியின் சொந்த வாழ்க்கையிலேயே அப்படி நடந்திருக்கிறது. தோட்டம் அல்ல, படப்பிடிப்பு ஸ்டூடியோ. ஊர், அமெரிக்காவின் ஹாலிவுட். அவர் பெயர் லூசில் பால். நமக்குப் பால் என்றால் ரப்பர் மரத்துப் பால்தான் ஞாபகம் வரும். அவருக்கு அது குடும்பப் பெயர்.

தகப்பன் இல்லாத வீடு

1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் லூசில் பிறந்தார். அப்பா தொலைபேசிக் கம்பி இழுக்கும் தொழிலாளி. 1915இல் டைபாய்டு காய்ச்சல் கண்டு அவர் இறந்தபோது லூசிலுக்கு வயது மூன்று. அம்மா வயிற்றில் இன்னொரு பிள்ளை. அக்கம் பக்கத்தில் எத்தனை குடும்பத்தில் இதைப் பார்த்திருக்கிறோம்!

பிள்ளைகளுக்கு நிழலாக நின்றவர் அம்மாவைப் பெற்ற தாத்தா. மரச்சாமான் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்தவர். உழைப்பவனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று வீட்டிலும் வெளியிலும் ஓயாமல் பேசுகிற பொதுவுடைமைக்காரர். இந்தத் தாத்தாவை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் அவர் இன்னொரு தடவை வருவார்.

1927இல் அவர்கள் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் துப்பாக்கி சுடப் பழகியபோது, பக்கத்து வீட்டுப் பையன் மேல் குண்டு பாய்ந்தது. பையன் முடமாகிப் போனான். வழக்கு வந்தது. தாத்தா சம்பாதித்துச் சேர்த்த வீடு கையை விட்டுப் போனது. உழைத்துக் கட்டிய கூரை ஒரே நாளில் போய்விடும் என்பதை லூசில் பதினைந்து வயதிலேயே கண்டுகொண்டார்.

அதற்கு முந்திய வருஷம்தான் நியூயார்க் நகரத்து நடிப்புப் பள்ளியில் சேர்ந்திருந்தார். கூச்சத்தில் வாயே திறக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது, வீண் செலவு என்று பள்ளியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு ஊருக்குப் போனவர் மறுபடியும் நகரத்துக்கே வந்தார். துணிக்கடையில் உடைகளை உடுத்திக் காட்டும் மாடல் வேலை கிடைத்தது. நடுவில் கடுமையான மூட்டு நோய் வந்து நெடுநாள் படுத்தார், எழுந்தார், மீண்டும் வேலைக்குப் போனார்.

வாரக் கூலி நடிகை

1933இல் ஒரு படத்தில் கூட்டத்தோடு ஆடும் பெண்களில் ஒருத்தியாக ஹாலிவுட் போனார். போனது சில வார வேலைக்கு. திரும்பவே இல்லை! கொலம்பியா கம்பெனியில் சேர்ந்தார். ஆட்குறைப்பு என்று பலரோடு சேர்த்து வெளியே அனுப்பினார்கள். 1935இல் ஆர்.கே.ஓ. என்ற பெரிய ஸ்டூடியோவில் வாரம் 50 வெள்ளிக்குச் சேர்ந்தார். அமெரிக்க வெள்ளிதான்.

அந்தக் காலத்து ஸ்டூடியோ முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நடிகர் ஏழு வருஷம் வரைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். குறித்த தவணை வரும்போதெல்லாம் கம்பெனி அவரை வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் நடிகர் தானாக விலக முடியாது. கொடுத்த வேஷத்தை ஏற்க வேண்டும். வேறு கம்பெனிக்கு இரவல் அனுப்பினாலும் போக வேண்டும். சம்பளம் மட்டும்தான் நடிகருக்கு. படம் எத்தனை வருஷம் ஓடினாலும் வசூல் முழுக்கக் கம்பெனிக்கு. பழைய கங்காணிக் கணக்கு ஞாபகம் வருகிறதா?

இப்படி ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, ஏறக்குறைய பதினைந்து வருஷம்! சின்னச் சின்ன வேஷம், செலவு குறைந்த படம். 1937இல் ஸ்டேஜ் டோர், 1942இல் தி பிக் ஸ்ட்ரீட் ஆகிய படங்களில் நல்ல பெயர் கிடைத்தது. பிறகு எம்.ஜி.எம். ஸ்டூடியோவுக்கு மாறினார், அங்கேதான் அவருடைய தலைமுடி செக்கச் சிவப்பாக மாற்றப்பட்டது. ஆனாலும் முதல் வரிசை நட்சத்திரமாக அவரை யாரும் நிறுத்தவில்லை. நாற்பது வயதை நெருங்கும் நடிகைக்கு அந்த ஊரில் அப்புறம் என்ன மதிப்பு? எல்லாம் முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள்.

கியூபாவிலிருந்து வந்த மாப்பிள்ளை

1940இல் ஒரு படத்தில் நடிக்கும்போது டெசி ஆர்னாஸ் என்ற இசைக்காரரைச் சந்தித்தார். இவரைவிட ஆறு வயது இளையவர். கியூபா நாட்டில் சந்தியாகோ நகரத்து மேயரின் மகன். 1933 புரட்சியில் தகப்பனார் சிறைக்குப் போக, சொத்தெல்லாம் போக, அமெரிக்காவுக்குத் தப்பி வந்து பறவைக் கூண்டு கழுவிப் பிழைத்தவர். அதே வருஷம் நவம்பரில் கல்யாணம். அவர் வாத்தியக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்ற, இவர் ஸ்டூடியோவில் கிடக்க, சேர்ந்து வாழ்ந்த நாள்கள் குறைவு.

1948 முதல் லூசில் நடித்த வானொலி நகைச்சுவை நாடகம் நன்றாக ஓடியது. சி.பி.எஸ். நிறுவனம் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர விரும்பியது. லூசில் ஒரு நிபந்தனை போட்டார்: என் புருஷனாக நடிப்பவர் என் சொந்தப் புருஷனாகத்தான் இருக்க வேண்டும். நிறுவனத்தார் தயங்கினார்கள். கொச்சை ஆங்கிலம் பேசும் கியூபாக்காரனை வெள்ளைக்காரப் பெண்ணின் கணவன் என்று ஜனங்கள் ஏற்பார்களா என்று கேட்டார்கள். இருவரும் வாதாடவில்லை. 1950இல் மேடை மேடையாகப் போய் ஜோடியாக நடித்துக் காட்டினார்கள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கு மேல் யார் மறுக்க முடியும்?

சம்பளத்தை விட்டார்கள், உரிமையைப் பிடித்தார்கள்

இனித்தான் நாம் கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

அப்போது பல நிகழ்ச்சிகள் நியூயார்க்கில் நேரடியாக ஒளிபரப்பாயின. மற்ற ஊர்களுக்குத் தொலைக்காட்சித் திரையையே படம் பிடித்து அனுப்புவார்கள், மங்கலாகத் தெரியும். லூசிலும் டெசியும் ஹாலிவுட்டை விட்டுப் போக மாட்டோம், சினிமாப் பிலிமிலேயே எடுக்கிறோம் என்றார்கள். எதிரே ஜனங்களை உட்கார வைத்து, நாடகம் மாதிரி நடித்து, மூன்று கேமராக்களால் ஒரே சமயத்தில் படம் பிடிப்பது என்று ஏற்பாடு. ஜெர்மனியில் பேர் வாங்கிய கார்ல் பிராய்ண்ட் என்ற ஒளிப்பதிவாளர், மூன்று கேமராவுக்கும் ஒத்து வரும்படி விளக்குகளை அமைத்துக் கொடுத்தார்.

இதற்குச் செலவு கூடும் என்று நிறுவனத்தார் முகம் சுளித்தார்கள். அப்படியானால் எங்கள் சம்பளத்தில் வாரம் 1,000 வெள்ளியைக் குறைத்துக்கொள்கிறோம், எடுக்கும் படங்களின் உரிமை எங்கள் கம்பெனிக்கு இருக்கட்டும் என்று பேசி முடித்தார்கள். ஒரு தடவை காட்டிய நிகழ்ச்சியை மறுபடி யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்த காலம் அது. அதனால் எளிதாகக் கொடுத்துவிட்டார்கள். டெசி பெயரில் பாதியும் லூசில் பெயரில் பாதியும் சேர்த்து அந்தக் கம்பெனிக்கு டெசிலு என்று பெயர்.

1951 அக்டோபர் 15ஆம் தேதி ஐ லவ் லூசி நிகழ்ச்சி தொடங்கியது. 1957 வரை 180 பகுதிகள். ஆறு பருவங்களில் நான்கில் அமெரிக்காவிலேயே முதல் இடம்! 1952இல் வந்த ஒரு பகுதியை இன்றைக்கும் பேசுகிறார்கள். லூசியும் அவள் தோழியும் மிட்டாய்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள். ஓடும் பட்டையில் மிட்டாய் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்ற வேண்டும். பட்டை வேகம் பிடிக்கிறது. கை ஓடவில்லை. மேற்பார்வைக்காரி கண்டால் வேலை போய்விடும்! வாயில் போடுகிறார்கள், தொப்பிக்குள் ஒளிக்கிறார்கள், சட்டைக்குள் திணிக்கிறார்கள். அவள் வந்து பார்க்கிறாள், ஒன்றும் பாக்கியில்லை. சபாஷ், இன்னும் வேகமாக ஓட்டுங்கள் என்கிறாள்! பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சிரிப்பின் அடியில் இருக்கிற வலி தெரியும். அதே பகுதியில் வீட்டு வேலையை எடுத்துக்கொண்ட ஆம்பிளைகள் சோறு பொங்கி அடுப்படி முழுக்க வழிய நிற்பது தனிக் கூத்து.

லூசில் கர்ப்பமானபோது கதையிலும் லூசியைக் கர்ப்பிணி ஆக்கினார்கள். கர்ப்பம் என்ற சொல்லையே அன்று தொலைக்காட்சியில் சொல்லக் கூடாது. பாதிரியாரும் யூத குருவும் படித்துச் சம்மதித்த பிறகே கதை படமானது. 1953 ஜனவரி 19ஆம் தேதி கதையில் குழந்தை பிறந்தது. அதே நாளில் ஆஸ்பத்திரியில் லூசிலுக்கு ஆண் குழந்தை பிறந்தது! அன்று பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர். அவர் பிரசவ ஓய்வில் இருந்தபோது பழைய பகுதிகளை மறுபடி காட்டினார்கள்; ஜனங்கள் அலுக்காமல் பார்த்தார்கள். கூலியில் விட்டுக்கொடுத்து வாங்கிய உரிமையின் விலை அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

தாத்தாவுக்காகப் போட்ட கையெழுத்து

அதே 1953 செப்டம்பரில் இடி விழுந்தது. கம்யூனிஸ்டு என்ற சந்தேகம் வந்தாலே வேலை போகிற காலம். 1936இல் லூசில் வாக்காளர் பதிவில் கம்யூனிஸ்டு கட்சியைக் குறித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அரசாங்க விசாரணைக் குழு கூப்பிட்டுக் கேட்டது. தாத்தாவின் மனம் நோகக் கூடாது என்றுதான் போட்டேன் என்று அவர் விளக்கினார். தாத்தாவோ 1944இலேயே இறந்துவிட்டார். செய்தி பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது. அந்த வாரப் படப்பிடிப்புக்கு முன் டெசி மேடையில் நின்று, வந்திருந்தவர்களிடம் மனைவிக்காகப் பேசினார். அவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். லூசில் தப்பினார். கோடிக்கணக்கானவர்கள் விரும்பும் நடிகை என்பதால் தப்பினார். பெயர் தெரியாத எத்தனையோ எழுத்தாளர்களும் நடிகர்களும் அதே காரணத்துக்கு வேலையிழந்து தெருவில் நின்றார்கள். அதையும் சொல்லத்தானே வேண்டும்!

முதலாளியம்மா

பழைய பகுதிகளின் உரிமையைச் சி.பி.எஸ். நிறுவனமே பெருந்தொகை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. கையில் பணம் இருந்த அந்த நேரத்தில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ விலைக்கு வந்தது. 1957இல் டெசிலு கம்பெனி 60 லட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது. வாரம் 50 வெள்ளிக்கு எந்த வாசலில் நுழைந்தாரோ, அந்த வாசல் 22 வருஷம் கழித்து அவருடையது!

ஆனால் கொடுத்த விலை காசு மட்டுமல்ல. தொழில் வளர வளர, டெசியின் குடியும் பிற பெண்களின் சகவாசமும் வளர்ந்தன. சேர்ந்து வாழத்தான் சேர்ந்து நடித்தார்கள். அந்தத் தொழில் நிலைத்தது, குடும்பம் நிலைக்கவில்லை. 1960இல் விவாகரத்து. 1962இல் டெசியின் பங்கையும் லூசிலே வாங்கி, பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றின் தலைவரான பெண் என்ற பெயர் பெற்றார். வேலையில் கண்டிப்பானவர், சிரிப்பு நடிகை என்று நம்பிப் போனவர்கள் பயந்தார்கள் என்பதும் உண்மை. ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடருக்குச் செலவு அதிகம் என்று மற்றவர்கள் அஞ்சியபோது இவர் ஆதரித்தார். 1967இல் ஸ்டூடியோவை 1 கோடியே 70 லட்சம் வெள்ளிக்கு விற்றார். 1974 வரை தொலைக்காட்சியில் வாரா வாரம் வந்தார்.

1986இல், 75 வயதில், மறுபடியும் ஒரு தொடரில் வந்தார். ஜனங்கள் பார்க்கவில்லை, எட்டே பகுதியில் நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் டெசியும் காலமானார். 1989 ஏப்ரல் 26ஆம் தேதி, இருதயத்திலிருந்து போகும் பெரிய இரத்தக் குழாய் வெடித்து, லூசில் கண் மூடினார். 2002இல் அவருடைய அஸ்தியை ஜேம்ஸ்டவுனுக்கே கொண்டுபோய்த் தாய் தகப்பன் பக்கத்தில் வைத்தார்கள்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்பது நமக்குப் பழக்கம். கேட்கத்தான் வேண்டும். அதோடு, நாம் உழைத்து உண்டாக்கியது கடைசியில் யார் பெயரில் எழுதப்படுகிறது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன், படித்த பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். மிட்டாயைச் சட்டைக்குள் ஒளித்து உலகத்தைச் சிரிக்க வைத்த அந்த அம்மா, நிஜத்தில் ஒப்பந்தத்தின் ஒரு வரியைக்கூட விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.