நின்றுபோன இயந்திரத்தை வாசித்தவர்

கிரேஸ் ஹொப்பர் என்றதும் பலருக்கு ஓர் அந்துப்பூச்சிதான் நினைவுக்கு வரும். கணினியின் முதல் வழுவைப் பிடித்தவர் அவர் என்று படித்திருப்போம். உண்மையில் அந்தப் பூச்சியைப் பிடித்தவர் அவரல்லர். அக்கதையை ஊரெங்கும் சொல்லிப் புகழ்பெறச் செய்தவரே அவர்.

1906 டிசம்பர் 9 ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தார். ஏழு வயதில் வீட்டிலிருந்த அலாரக் கடிகாரமொன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எப்படி இருந்தது என்று பார்க்க அடுத்ததைக் கழற்றினார். இப்படி ஏழு கடிகாரங்கள் கழன்ற பின்னரே தாயார் கண்டுபிடித்தார். இனி ஒன்றை மட்டும் கழற்றலாம் என்று அனுமதியும் கொடுத்தார். ஏழையும் பறித்து வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்!

வாசர் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்று, 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாசரிலேயே விரிவுரையாளராக இருந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்தார். 1944 இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஹவார்ட் எய்க்கனின் மார்க் 1 கணினிக்கு அனுப்பப்பட்டார்.

அந்த இயந்திரம் 51 அடி நீளம், ஏறக்குறைய 5 தொன் நிறை. ஒரு பெருக்கலுக்கு 6 செக்கன் வரை எடுக்கும். கட்டளைகள் கடதாசி நாடாவில் துளைகளாக இடப்பட்டன. போர்க்காலக் கணிப்புகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கையில் இயந்திரம் சட்டென நின்றுவிடும். தவறு நாடாவில் இருக்கலாம், கம்பியில் இருக்கலாம், ஆயிரக்கணக்கான ரிலே ஆளிகளில் ஏதோ ஒன்றிலும் இருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, கைப்பையிலிருந்த சிறு கண்ணாடியை உள்ளே நீட்டி, எங்கே பொறி பறக்கிறது என்று ஹொப்பர் தேடுவாராம். 1946 இல் இந்த இயந்திரத்துக்கு 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கைந்நூலும் அவர் தயாரிப்பில் வெளிவந்தது.

அடுத்தது மார்க் 2. 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி அதன் எஃப் பலகையின் 70 ஆம் இலக்க ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டார்கள். அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டினார்கள். பூச்சி என்ற சொல்லைப் பொறியியலாளர் கோளாறுக்குப் பயன்படுத்துவது எடிசன் காலத்திலேயே இருந்தது. அதனால்தான் நிஜப்பூச்சி கிடைத்தது அவர்களுக்கு வேடிக்கையாயிற்று. என்னைக் கவர்ந்தது பூச்சியல்ல, அந்தப் பக்கம். காலை 8 மணிக்கு எது தொடங்கியது, 10 மணிக்கு எது நின்றது, பிற்பகல் 3.25 க்கு எந்தச் சோதனை ஓடியது என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். 3.45 க்குத்தான் பூச்சி வருகிறது.

இன்று அந்தக் குறிப்பேட்டு வேலையைக் கணினியே செய்கிறது. விண்டோஸ் செயலிழந்து நின்றுவிடும் வேளையில், நினைவகத்தில் இருந்ததை ஒரு கோப்பாக எழுதி வைக்கிறது. அதை டம்ப் கோப்பு என்பர். விண்டிபிஜி போன்ற வழுநீக்கும் கருவியால் திறந்தால், நிறுத்தியதற்கான குறியீட்டு எண்ணும், எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற அடுக்கும் தெரியும். மேலே இருப்பது கடைசியாக நடந்தது. கீழே போகப் போக முந்தியவை. ஆனால் மேலே இருப்பதுதான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. வேறொரு செய்நிரல் முன்னரே நினைவகத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கலாம். எண்களெல்லாம் பதினறுமத்தில் இருக்கும். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் எண் முறைகளை மாற்றி மாற்றிச் சலித்துப்போகும் எங்களுக்கு, அவை எங்கே பயன்படும் என்பதற்கு இதுவே விடை. (இலக்கணத்தில் திணை வழு, பால் வழு என்று படித்த வழுதான் அந்தப் பாடத்திலும் வருகிறது. ஆனால் கணினியில் வழுவமைதி கிடையாது.)

எண் முறையோடு ஹொப்பரும் பாடுபட்டார். 1949 இல் பிலடெல்பியாவில் எக்கெர்ட், மோச்லி நிறுவனத்தில் சேர்ந்தபோது, பைனக் கணினிக்காக எண்மத்தில் கணக்குச் செய்யப் பழகினார். மூன்று மாதமாக வங்கிக் கணக்கு ஒத்துவரவில்லை. வங்கியில் பணியாற்றிய தம்பி பல மாலைப் பொழுதுகள் இருந்து தேடி, அக்கா இடையிடையே எண்மத்தில் கழித்திருப்பதைக் கண்டார். 12 இலிருந்து 5 போனால் எங்களுக்கு 7, எண்மத்தில் 5.

மனிதர் இயந்திரத்தின் எண்ணுக்கு மாறுவதைவிட இயந்திரம் மனிதரின் மொழிக்கு வருவது மேல் என்று அவர் எண்ணத் தொடங்கினார். அன்றைய செய்நிரலாளர்கள், சரியாக ஓடிய பகுதிகளைக் கொப்பிகளிலிருந்து பார்த்து எழுதுவார்கள். பார்த்தெழுதும்போதே தவறு புகுந்துவிடும், முகவரிகளைக் கூட்டுவதிலும் பிழைப்பார்கள். அந்த வேலைகளைக் கணினியிடமே ஒப்படைத்தார். 1952 இன் ஏ-0 என்ற முதல் தொகுப்பான் அப்படிப் பிறந்தது. கணினி கணக்கு மட்டுந்தான் போடும் என்று நம்பியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஆங்கிலச் சொற்களால் எழுதும் ஃபுளோமாட்டிக் மொழி வந்தது. 1959 இல் உருவாகத் தொடங்கிய கோபோல் அதன் வழியில் சென்றது. வங்கிகளில் கோபோல் இன்றும் ஓடுகிறது.

1966 இல் கடற்படை ஓய்வு கொடுத்தது. அடுத்த ஆண்டே திரும்ப அழைத்தது. விரிவுரைகளில் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித் துண்டுகளைப் பங்கிடுவார். ஒரு நனோ செக்கனில் மின்சைகை செல்லக்கூடிய மிகக்கூடிய தூரம் அது. 1986 இல், 79 ஆவது வயதில், ரியர் அட்மிரலாக இறுதி ஓய்வு பெற்ற பின்னும் ஒரு கணினி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1 ஆம் திகதி காலமாகி, ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பூச்சி ஒட்டிய குறிப்பேடு வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது.